எங்கள் வருகையின் மேல் கட்டிய பந்தயம்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு மேசையைக்கூடத் துடைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். வாற திங்கட்கிழமை நீ அரசாங்கத்தின் பந்தயக் கண்காணிப்பு அலுவலகத்தில் உத்தியோகத்துக்குச் சேரப் போகிறாய். அப்பா லண்டனுக்கும் கனடாவுக்கும் ஃபோன் எடுத்துச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கும் பெருமைதான். ஆனால் சோற்றைக் குழைத்துக்கொண்டே நீ டேனிஷில் ஒன்று சொன்னாய். நேர்முகத்துக்குப் போன இடத்தில் ஒருவர் உனக்குப் புத்தி சொன்னாராம்: முறைப்பாடு எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யாரோ ஒருவர் மேல் உள்ள வன்மத்தில் எழுதுகிறவர்கள், அந்தக் கடிதங்களை அடுக்கின் அடியில் வைத்துவிடு என்று. நீ சிரித்தாய். அப்பாவும் சிரித்தார். நான் எழும்பித் தண்ணீர் எடுக்கப் போனேன்.

நான் அப்படி ஒரு முறைப்பாடு எழுதியவள். வன்மத்தில்தான் எழுதினேன். ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டு எழுதினேன். அதில் இருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதை உனக்கு இவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்தது என் பிழை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனது இந்தக் கடிதத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள். நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். மெதுவாகவே வாசி. எனக்கு விளங்க மூன்று வருடம் எடுத்த விஷயம் உனக்கு மூன்று நிமிடத்தில் விளங்க வேண்டாம்.

உன் அக்கா ஜெசியின் படம் ஹோலில் இருக்கிறது. காய்ச்சலில் இறந்தாள் என்று மட்டும் உனக்குத் தெரியும். அப்பா இங்கே ரண்டர்ஸ் நகரில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது நானும் ஜெசியும் ஊரில், நீ என் வயிற்றில் இருந்தாய். நீ பிறந்த பிறகு குடும்பத்தைக் கூப்பிட மனுப் போட்டார். எல்லாக் கடதாசியும் சரியாக இருந்தது. சட்டப்படி எங்களைக் கூப்பிட அவருக்கு உரிமையும் இருந்தது. ஆனால் அமைச்சில் தமிழரின் கோப்புகளை மட்டும் தொடவேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு மாதமும் ‘வரும்’ என்றே அப்பா எழுதினார். ஜெசி தன் பிளாஸ்டிக் பையில் இரண்டு சட்டையும் ஒரு சீப்பும் வைத்து, கட்டிலுக்குக் கீழே எப்போதும் ஆயத்தமாக வைத்திருந்தாள். பதினோராவது மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரடங்கு. ஆசுப்பத்திரிக்குப் போகும் றோட்டில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் றோட்டைத் திறந்தார்கள். இரண்டாம் நாளே எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு ஐந்து வயது. நிறுத்தி வைத்த கோப்புகளைத் திரும்ப எடுத்து எங்களுக்கு விசா தந்தபோது நீயும் நானும் மட்டும் விமானம் ஏறினோம்.

வந்து நாலாம் நாள் அப்பா வேலைக்குப் போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் வாங்க முனைக் கடைக்குப் போனேன். ஹென்னிங் என்பவனின் கியோஸ்க். பத்திரிகை, சிகரெட், பால், அதோடு அரசாங்க அனுமதியுள்ள கால்பந்துப் பந்தயக் கூப்பன். பதின்மூன்று ஆட்டங்களுக்கு 1, X, 2 என்று குறி போட்டுக் கொடுக்கும் அந்தத் தாளை இங்கே எல்லாரும் ‘டிப்ஸ்’ என்பார்கள். வாசலுக்கு மேலே அதற்கான பெயர்ப்பலகை எரியும். தொழிற்சாலை ஆட்கள் வேலை முடிந்து அங்கேதான் கூடுவார்கள். ஹென்னிங் என்னைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், என் முதுகுக்குப் பின்னால் கதவையும் எட்டிப் பார்த்தான். பிறகு உன்னைக் காட்டிக் கேட்டான்: “குன் எத்?”

எனக்கு டேனிஷ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கேள்வி விளங்கியது போல இருந்தது. ஒரு பிள்ளைதானா என்கிறான். அந்நிய நாட்டில் முதல் முதல் என்னிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டவன் அவன். ஒரு விரலைக் காட்டினேன். இன்னொரு விரலை உயர்த்தி, அதை மடக்கி, வானத்தைக் காட்டினேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். உனக்கு ஒரு சிவப்பு இனிப்பைத் தந்தான். நல்ல மனிசன் என்று அன்று பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன். அப்பா துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

மூன்று வருடத்துக்குப் பிறகு நான் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்தேன். அங்கே என்னோடு கிர்ஸ்டன் என்ற டேனிஷ்காரி. அவளோடு கதைத்துத்தான் எனக்கு டேனிஷ் வந்தது. ஒரு நாள் பத்து மணிக் கோப்பியில், என் கணவர் இறைச்சித் தொழிற்சாலையில் என்று சொன்னேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு உற்சாகமாகத் திரும்பினாள்.

“அந்த நாலு தமிழரில ஒராளா? நீ எந்த ஆளின்ர மனிசி?”

சொன்னேன்.

“அட, உன்னிலயா! என்ர மனுசன் உன்னிலதான் போட்டவர். ஒண்டுக்கு ஆறு. நீதான் முதல் வந்தனி, ஆனா அந்தக் கள்ளன் ஹென்னிங் ஒரு சதமும் குடுக்கேல்லை. பட்டியலில மனிசியும் ரெண்டு பிள்ளையும் எண்டுதான் எழுதினது, ஒண்டுதான் வந்தது, செல்லாது எண்டிட்டான். அண்டையில இருந்து என்ர மனுசன் அந்தக் கடைப் படி மிதிக்கிறேல்லை.”

நான் விளங்காதது போலப் பார்த்திருக்க வேண்டும். அவள் ஆறுதலாகத் திரும்பச் சொன்னாள். நாலு தமிழரின் குடும்பங்களில் எது முதலில் வந்து சேரும் என்று ஹென்னிங் தன் பின்னறையில் பட்டியல் போட்டிருக்கிறான். நாலு பெயர், பெயருக்கு நேரே யார் யார் வர வேண்டும் என்ற விபரம், எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கு. தொழிற்சாலையில் பாதிப்பேர் கட்டியிருக்கிறார்கள். எங்கள் கோப்பு அமைச்சில் கிடந்த காலம் முழுக்க அந்தப் பட்டியல் சுவரில் தொங்கியிருக்கிறது. நாங்கள் செல்லாது என்று ஆன பிறகு, மூன்று கிழமை கழித்து வந்த, அந்த நாலு பேரில் ஒருவரான அன்ரனி அண்ணையின் மனைவியும் மகளும்தான் முதலாவதாம். சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“மற்றப் பிள்ளை எங்க?” என்று கேட்டாள்.

சொன்னேன். கிர்ஸ்டன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழும்பிப் போய் ஈரத் துணிகளை இயந்திரத்திலிருந்து இழுத்து வெளியே போட்டேன். ‘குன் எத்’. அவன் என் துக்கத்தை விசாரிக்கவில்லை, மகன். கணக்கை முடிக்க ஆள் எண்ணிப் பார்த்திருக்கிறான். என் பிள்ளை செத்ததை நானே விரலை மடக்கிக் காட்டி, அவனுக்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நன்றியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் அந்தக் கடைக்கு ஒவ்வொரு நாளும் போனேன். பால் இருந்தாலும் பால் வாங்கப் போனேன். காசு மேசைக்குப் பக்கத்தில் டிப்ஸ் விற்கும் அனுமதிக்கான விதிகள் கண்ணாடி போட்டுத் தொங்கின. ஆட்கள் வரிசையில் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போய், நின்று, ஒவ்வொரு நாளும் ஒரு வசனம் பாடமாக்கிக்கொண்டு வந்து மொழிப் பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். தெரியாத சொல்லுக்கு அகராதி பார்த்தேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ எனக்கு வேண்டிய வசனம் கிடைத்தது. அனுமதி பெற்ற கடைக்காரர் தன் சொந்தக் கணக்கில் எந்தப் பந்தயமும் பிடிக்கக் கூடாது, பிடித்தால் அனுமதி போய்விடும். சந்தோஷமாக இருக்கிறவர்கள் சுவரில் தொங்கும் விதிகளை வாசிப்பதில்லை. இந்த நாட்டுச் சட்டத்தில் நான் முதல் முதல் ஊன்றிப் படித்தது அந்த ஒரு தாள். அதைப் படிக்க வைத்தது வன்மம்.

கிர்ஸ்டனின் கணவரைச் சாட்சிக்குக் கேட்டேன். தன் பெயரும் வெளியே வரும் என்று மறுத்துவிட்டார். ஹென்னிங்கின் கையெழுத்தில் ஒரு துண்டாவது வேண்டும் என்று காத்திருந்தேன். அந்தக் குளிர்காலம் வசதி செய்து தந்தது. எங்கள் கோப்புகளை யார் நிறுத்தி வைத்தார்கள் என்று விசாரித்த பெரிய அறிக்கை வரப்போகிறது, அரசாங்கம் தப்புமா என்று தொலைக்காட்சியில் அதே கதை. கடைக்கு வருகிறவர்களும் ‘தமிழ் வழக்கு, தமிழ் வழக்கு’ என்றே கதைத்தார்கள். ஹென்னிங் அதற்கும் பட்டியல் போட்டிருந்தான். நான் பாலை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டேன்:

“நானும் கட்டலாமா?”

“நீயா?” அவன் வாய் நிறையச் சிரித்தான். “உன்ர வழக்கல்லோ! உனக்கு உள்வீட்டுக் கதை தெரியும் போல.”

“அரசாங்கம் விழும். இருபது குரோனர். துண்டு எழுதித் தா, எனக்கு மறதி.”

அவன் வெறும் டிப்ஸ் கூப்பன் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினான். பந்தயம் என்ன, எவ்வளவு, ஒன்றுக்கு நாலு, தேதி, கீழே தன் பெயரின் முதல் எழுத்துகள். அரசாங்கத்தின் தாளிலேயே எழுதித் தந்தான்.

டிப்ஸ் அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு நான் எழுதிய முறைப்பாடு நாலு வசனம். ஏழு தரம் திருத்தி எழுதினேன். துண்டைப் படியெடுத்து வைத்துக்கொண்டு அசலை இணைத்தேன். என் பெயரும் விலாசமும் போட்டேன். ஜெசியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியிருந்தால் வாசிக்கிறவர்கள் என் மேல் பரிதாபப்பட்டிருப்பார்கள், ஆறுதலாக ஒரு பதில் போட்டிருப்பார்கள். எனக்குப் பரிதாபம் வேண்டாம். அவன் வாசலில் எரிகிற பலகை அணைய வேண்டும்.

தபாலில் போட்டுச் சில நாட்களில் அறிக்கை வந்தது, அரசாங்கம் விலகியது. ஹென்னிங் கடை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டான். “வெண்டிட்டாய்! வந்து வாங்கு!” “பிறகு வாறன்” என்றேன். போகவில்லை. உனக்கு அப்போது ஏழு வயது. ஒரு நாள் உன்னைப் பள்ளியால் கூட்டிக்கொண்டு வருகிறேன், கடை முன்னால் ஒரு வெள்ளைக் கார். ஒரு பெண்ணும் ஒரு ஆணும் கூப்பன் கட்டுகளைப் பெட்டியில் அடுக்கினார்கள். ஏணியில் ஒருவன் நின்று பலகையின் திருகாணிகளைக் கழற்றினான். நான் எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பில் நின்று பார்த்தேன். எங்கள் பஸ் வந்து போனது. அடுத்ததும் போனது. “அம்மா, யை ஃப்ரூஸர்” என்று நீ டேனிஷில் குளிர் என்றாய். பொறு என்றேன். கடைசித் திருகாணி கழன்று பலகை கீழே இறங்கும்வரை பொறுக்க வைத்தேன். அது நான் உனக்குச் செய்த பிழைகளில் ஒன்று. உனக்குக் காது சிவந்துபோய் இருந்தது.

வெள்ளைக் கார் போனதும் ஹென்னிங் றோட்டைக் கடந்து வந்தான். சட்டையோடு, ஜக்கெற் இல்லாமல்.

“நீதானா?”

“ஓம். நான்தான்.”

“ஏன்? நான் உனக்குத் தர வேண்டியதைத் தர மாட்டன் எண்டனானா?”

“நான் வந்த கிழமை, ஒரு பிள்ளைதானா எண்டு கேட்டனி. ஏன் கேட்டனி எண்டு இப்ப எனக்குத் தெரியும்.”

அவனுக்கு முதலில் நினைவு வரவில்லை. பிறகு வந்தது. அவன் முகம் மாறுவதை நான் விடாமல் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் மூன்று வருடம் டேனிஷ் படித்தேன் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. அவன் பேசாமல் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

“உன்ர மனுசனிட்டையும் கேள்,” என்றான். “அவனும் போட்டவன். அன்ரனியின்ர ஆக்களில போட்டவன். வெண்டவன். நான் என்ர கையால குடுத்தனான்.”

வீட்டுக்கு வந்தபோது அப்பா காலை வேலை முடிந்து வந்து சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார். உன்னைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்திவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தினேன்.

“ஹென்னிங்கின்ர பட்டியலில நீங்களும் போட்டனீங்களோ?”

அவர் தண்ணீரை நிறுத்தவில்லை. “ஓம்.”

“அன்ரனியண்ணை ஆக்கள் முதல் வருவினம் எண்டு.”

“ஓம்.”

“ஏன்?”

“எல்லாரும் போட்டவங்கள். பக்கத்தில இருந்து சாப்பிடுறவங்கள். நான் மட்டும் கோவிச்சுக்கொண்டு நிண்டா அந்த இடத்தில நான் எப்பிடி வேலை செய்யிறது?” பெட்டியின் மூடியைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு சொன்னார்: “உம்மில போட எனக்குப் பயமா இருந்தது. மற்றப் பக்கம் போட்டா, நான் தோக்கிற நாள் நீங்கள் மூண்டு பேரும் வந்திருப்பியள். தோக்கத்தான் போட்டனான்.”

“வெண்டிட்டியள்.”

அவர் பெட்டியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“காசை வாங்கினீங்களோ?”

“பொக்கற்றுக்குள்ள வைச்சான். எல்லாரும் கை தட்டினாங்கள். எடுத்து அவன்ர முகத்தில எறிய எனக்குப் பாஷையும் இல்லை, துணிவும் இல்லை.”

“என்ன செய்தனீங்கள்?”

“தம்பிக்குப் பனிச் சப்பாத்து.”

நீ முதல் குளிர்காலத்தில் போட்டிருந்த நீலச் சப்பாத்து அது. அதை நான் அன்றே குப்பையில் போட்டேன். அப்பாவோடு சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். எனக்கு அது முடியக் கூடாது. அவருக்கு ஒரு தண்டனை வைத்தேன், இன்றுவரை எடுக்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும், டொக்டரோ, வங்கியிலோ, கலியாண வீட்டிலோ, நான் வாயைத் திறப்பதில்லை. அவர்தான் சொல்ல வேண்டும். “ரெண்டு” என்று சொல்லுவார். மற்றவர் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நின்று கேட்பேன். நீ சின்ன வயதில் கேட்டாய், அம்மா ஏன் இந்தக் கேள்விக்கு மட்டும் அப்பாவைப் பார்க்கிறாய் என்று. இதுதான் காரணம்.

ஹென்னிங்கின் கடை அந்தக் கோடைக்குள் மூடிவிட்டது. டிப்ஸ் இல்லாத கியோஸ்க்குக்குத் தொழிற்சாலை ஆட்கள் வரவில்லை. அவனுக்காக நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அவனுடைய மனைவி கடையில் நிற்கும் நாட்களில் எனக்குக் கடைசிப் பால் பெட்டியை ஒளித்து வைத்துத் தருகிறவள். பட்டியலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், தெரியாது என்று நான் விசாரிக்கவே இல்லை. பிறகு ஒரு நாள் பஸ்ஸில் கண்டேன், முட்டை பொதி செய்யும் இடத்தின் நீல மேலங்கியோடு. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அது வலித்தது. இப்போதும் வலிக்கிறது. அதற்காக எழுதிய கடிதத்தைத் திரும்ப வாங்குவேனா என்று கேட்டால், மாட்டேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கோப்பை அடுக்கில் வைத்தவர்கள் பெரிய இடத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு என் கை எட்டாது. கோப்புகளை நிறுத்தச் சொன்ன மந்திரிக்கு நடந்த வழக்கை றேடியோவில் கேட்டேன்; தீர்ப்பு வந்தபோது இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தேன், மினுக்கி முடித்தேன். ஹென்னிங் எட்டும் தூரத்தில் இருந்தான். அவர்களுக்குக் கொடுக்க முடியாததையும் சேர்த்து அவனுக்குக் கொடுத்தேன். அது நியாயமா என்று நீ சட்டம் படித்தவன் சொல்லு. எனக்குக் கேட்க விருப்பமில்லை.

இப்போது பின்னறை தேவையில்லை. கட்டணம் கட்டி அனுமதி எடுத்த கம்பனிகள் ஃபோனிலேயே பந்தயம் பிடிக்கின்றன. கால்பந்து மட்டுமில்லை, தேர்தலுக்கும் பாட்டுப் போட்டிக்கும் கட்டலாம் என்று நீயே சொன்னாய். எதன் மேல் கட்டலாம், எதன் மேல் கட்டக் கூடாது என்று எல்லை போடும் மேசையில் நீ இருக்கப் போகிறாய். ஒரு கம்பனி புதிதாக ஒன்றைக் கேட்டு வந்தால், பட்டியலில் யாருடைய பெயர் இருக்கிறது என்று முதலில் கேள். அந்த ஆளுக்கு அது தெரியுமா என்று கேள். முடிவு வந்ததும் அந்த ஆளின் வீட்டுக்குப் போய் யார் எண்ணிப் பார்ப்பார்கள் என்றும் கேள். வன்மத்தோடு ஒரு கடிதம் வந்தால் அடியில் வைக்காதே. இரண்டு தரம் வாசி. முதல் தரம் எழுதினவளின் கோபம் மட்டும்தான் தெரியும். இரண்டாம் தரம் அவள் சொல்லும் விதியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார். என் நாலு வசனத்தை அப்படி வாசித்த ஒருவர் எங்கோ ஒரு மேசையில் இருந்திருக்கிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

முத்திரை ஒட்டிவிட்டேன். உறையை ஒட்டவில்லை. அப்பா தபால் பெட்டிப் பக்கம் நடக்கப் போக ஜக்கெற் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கையில் திறந்தபடியே கொடுக்கப் போகிறேன், வழியில் இருக்கிற மர வாங்கில் உட்கார்ந்து வாசிப்பார். கிழித்துப் போட அவருக்கு முழு வசதியும் இருக்கிறது. இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், வாசித்து, ஒட்டி, பெட்டியில் போட்டவர் அவர் என்று விளங்கிக்கொள். எனக்கு ஃபோன் எடுக்காதே, அவருக்கு எடு. நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் அவருக்குச் சொல்லிவிடாதே.

அம்மா